சொட்டு எண்ணியவள்

கருப்பம்மாளுக்கு மழையைவிட, மழைக்கு முன்னால் வரும் காற்றைக் கண்டால்தான் பயம். ரப்பர் மரங்களின் உச்சியில்தான் அது முதலில் வரும். கீழே ஒரு இலைகூட அசையாது. மேலே மட்டும் யாரோ பழைய சேலையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் ஓடும். அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளங்கை நனைந்துவிடும். பிறகு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. கால் இரண்டும் வேறு யாருடையவோபோல மண்ணில் நின்றுவிடும்.

ஒத்தமலைத் தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. விடிந்ததும் மரத்தைச் சீவினால் தகர நாக்கு வழியாகப் பால் சொட்டி, மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கு நிறைய வெயில் ஏறும்வரை ஆகும். அதற்குள் மழைக்காற்று வந்துவிட்டால் மரத்துக்கு மரம் ஓடி, இருக்கிற பாலை வாளியில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். பீங்கான் மங்கில் மழைத்தண்ணி விழுந்தால் பால் பொங்கி வழிந்து மண்ணோடு போய்விடும். அதனால் காற்று கேட்டதும் தோட்டமே ஓடும். எல்லாரும் ஓடுகிற அந்த நேரத்தில் கருப்பம்மாள் மட்டும் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

முந்தின மார்கழி வெள்ளத்தோடு வந்தது இது. தோட்டத்து லயங்கள், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள், பள்ளத்தில் இருந்தன. செமோர்ப் பக்கத்து ஓடை ஒரே பகலில் லயத்துக் கதவுவரை ஏறிவிட்டது. அவள் புருசன் பிச்சைமுத்து மேட்டில், ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலையாக இருந்தான். கருப்பம்மாள் ஆறு மாதக் குழந்தையைச் சேலையால் மார்போடு கட்டிக்கொண்டு தகரக் கூரைமேல் ஏறினாள். பக்கத்து வீட்டு நவமணியும் ஏறினாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சமயம் பார்த்தபோது தன் கை விரிந்து கிடந்தது. அதில் நவமணியின் கை இல்லை, கூரைமேல் நவமணியும் இல்லை.

அவள் விட்டாளா, தான் விட்டோமா. இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. அடுத்த கூரையில் இருந்த மங்களம் பார்த்திருக்கலாம். ஆனால் மங்களம் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுக்குத் தைரியசாலி என்று பேர். மழைக்காற்று வந்தால் நாலு நெரைக்கு, நாலு மரவரிசைக்குக் கேட்கும்படி சிரித்து, கேலி பேசிக்கொண்டே ஓடுவாள்.

ஆவணியில் கருப்பம்மாள் மூன்றாவது தடவையாக மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பால் முழுதும் போயிற்று. சாயங்காலம் அப்பாவு கங்காணி லயத்துக்கே வந்தார். கெட்ட மனுசன் இல்லை. அவளை நேராகப் பார்க்காமல் புருசனிடம் பேசினார்.

"பிச்சைமுத்து, இன்னொரு வாட்டி இப்படி நின்னா நான் மறைக்க முடியாது. துரை கேக்குறாரு. மருந்து குடுக்குற டிரெசர்கிட்டதான் சொல்லணும். அவரு ஒரு கடுதாசி எழுதுனா தஞ்சோங் ரம்புத்தான்தான்."

அந்த ஊரின் பேரைத் தோட்டத்தில் யாரும் ஊரின் பேராகச் சொல்வதில்லை. அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, புத்தி பேதலித்தவர்களை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி. அதன் பேரைக் கேட்டால் சனங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிச்சைமுத்து தலையை ஆட்டினான். கங்காணி போனபிறகு நடக்கக் கற்றிருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கருப்பம்மாள் சோற்றை வடித்தாள். கஞ்சி அடுப்பில் கொட்டியது. தன்னைக் கொண்டுபோய்விட்டால் இந்தப் பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடும் என்ற ஒரே கேள்விதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே போனவன் ஒருவன் தோட்டத்தில் இருந்தான். அருச்சுனன். இரண்டு வருசத்துக்கு முன் அவன் பெண்சாதி காய்ச்சலில் செத்துப்போனாள். அடுத்த மூன்று நாள் அவன் கையில் உளியோடு ஒரே மரத்தடியில் நின்றான். சீவவில்லை, சாப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. தோட்டத்து ஆட்கள் வேட்டியால் கையைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். கட்டியவர்களில் பிச்சைமுத்துவும் ஒருவன்.

அந்த அருச்சுனன் ஆடி மாதம் திரும்பி வந்தான். உடம்பு தேறியிருந்தது. காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது எல்லாரையும்போல வந்து நின்றான். அவனுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள். கங்காணி அவனுக்கு மலையடிவாரத்தில், சதுப்பை ஒட்டிய கடைசி நெரையைக் கொடுத்தார். யாருக்கும் வேண்டாத பள்ளத்து நெரை அது. கருப்பம்மாள் மூன்றாவது தடவை நின்றபிறகு அவளுக்கு அதற்கு அடுத்த நெரையைக் கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் புரிந்தது.

முதல் வாரம் அவள் உளியைக் கீழே வைக்கவேயில்லை. மரத்தைச் சீவும்போது ஒரு கண் பட்டையில் இருக்கும், ஒரு கண் அவன்மேல் இருக்கும். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. வெட்டி முடித்ததும் ஒரு மரத்தடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் தேடாது. பால் எடுக்கக் கொம்பு ஊதும்வரை அப்படியே இருப்பான். சத்தம் போடுகிற பைத்தியமாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மரத்துச்சியில் சேலை கிழிந்தது.

தூரத்தில் மங்களத்தின் சிரிப்பு கேட்டது. வாளிகள் மோதும் சத்தம் கேட்டது. கருப்பம்மாள் வாளியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போய் அங்கேயே நின்றது. நாலாவது தடவை, கடுதாசி, மாட்டுவண்டி, வேட்டி.

அருச்சுனன் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். பக்கத்தில் வரவில்லை. தன் நெரையிலேயே ஒரு மரத்துக்குப் பின்னால் போய், மலையைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டான்.

"தங்கச்சி, என்னைப் பாக்காத. மங்கைப் பாரு."

அவளுக்கு அந்தக் குரலே பயமாக இருந்தது. ஆனாலும் கண் தானாக மங்குக்குப் போயிற்று.

"பால் சொட்டும்போது சொட்டுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

தகர நாக்கின் நுனியில் பால் திரண்டது. கனத்தது. விழவில்லை. இன்னும் கனத்தது. விழுந்தது. சொட்டு என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"ரெண்டு சொட்டுக்கு நடுவுல மூச்சை வெளிய விடு. விட்டுட்டு அடுத்த சொட்டுக்குக் காத்திரு."

விட்டாள். காத்திருந்தாள். திரண்டது. விழுந்தது. ஒன்பதாவது சொட்டில் தன் குரல் தனக்கே கேட்டது. விரல்கள் பட்டையை விட்டன. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கால் தன்னுடைய காலாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அருச்சுனன் நாலு மரம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தான். அன்று காற்று மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மழை இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது.

லயத்துக்கு வந்தபிறகுதான் அவளுக்கு நிசமான பயம் பிடித்தது. அவன் தன்னை என்ன செய்தான்? தொடவில்லை. திருநீறு போடவில்லை. சாமி பேர் சொல்லவில்லை. ஒரு பேச்சில் எப்படி மூச்சு திரும்பியது?

மறுநாள் அவள்தான் முதலில் பேசினாள். மரம் சீவி முடித்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அண்ணே, நேத்து என்ன மந்திரம் போட்டீங்க என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. மந்திரம் எதுவும் தெரியாது என்றான். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று நாளில், அவன் சொன்னது இதுதான்: பெரிய ஆஸ்பத்திரியில் அவனைக் காய்கறித் தோட்டத்து வேலைக்கு விட்டார்கள். சோறு நல்ல சோறு. அதே வேலைக்கு வந்த இன்னொரு நோயாளி ஒரு சீனன். ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து உயிர் தப்பினவன், ஒரு காது பாதிதான் இருக்கும். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்குச் சீனம் தெரியாது. ஒரு நாள் கீரைப்பாத்தியில் அருச்சுனன் கையை உதறிக்கொண்டு நின்றபோது அந்த ஆள் இவன் உள்ளங்கையை எடுத்து இவன் வயிற்றிலேயே வைத்தான். மூச்சு உள்ளே வருகிறபோது ஒரு விரல் காட்டினான். வெளியே போகிறபோது விரலை மடக்கினான். இப்படி ஏழு மாசம். பேர்கூடத் தெரியாது. ஒரு நாள் காலையில் வேலைக்கு அந்த ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

"அதுக்கப்புறம் பயம் வரலையா அண்ணே?"

"வருது. பெரட்டுல பேர் கூப்பிடும்போது தெனமும் வருது."

அவள் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். பால் சொட்டுகிற அந்த நேரம்தான் பாடநேரம். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு நெரையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை மூடினால் அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்படியென்றால் மூடாதே என்றான். நவமணியின் கை நினைவுக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். விரட்டாதே, வந்தது என்று தெரிந்துகொண்டு மறுபடி மங்கைப் பார் என்றான். சில நாள் நடந்தது. பல நாள் நடக்கவில்லை. எண்ணிக்கை ஐந்தில் தவறும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். நடுவில் இரண்டு முறை காற்று வந்தது. இரண்டு முறையும் கடைசியாகத்தான் ஓடினாள், ஆனால் ஓடினாள்.

புரட்டாசி பிறந்ததும் அவளை மங்களம் பார்த்துவிட்டாள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்க வந்தவள், கருப்பம்மாள் உதடு அசைய மங்கை முறைத்துக்கொண்டிருப்பதையும், அந்தப் பக்கம் அருச்சுனன் கல்லுப்போல உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தோட்டத்துப் பூசாரி பேய் இறக்கும் முறை எல்லாருக்கும் தெரியும். பிடித்த ஆளின் தலையை ஒரு கோழியால் மூன்று சுற்றுச் சுற்றி, அதை எல்லைக்கு அப்பால் காட்டில் விடுவார். ஆளைப் பிடித்தது கோழிக்குள் போய்விடும். அந்தக் கோழியை யாரும் பிடிக்கமாட்டார்கள், அடித்துத் தின்னமாட்டார்கள். மங்களம் சொன்ன கணக்கு அதுதான். அருச்சுனன் பைத்தியமாகப் போனான், நல்லபடி வந்தான். அது எங்கே போயிற்று? அவன் நாளுக்கு நாள் தெளிகிறான். கருப்பம்மாள் நாளுக்கு நாள் கல்லாகிறாள். அவன் தன்னுடையதை அவள்மேல் இறக்கிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றது. யாரோ தாழ்ந்த குரலில், அருச்சுனன் விட்ட கோழி வருது, வழிவிடுங்கடி என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் குடத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டாயில் அவள் மகளைத் தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

கேலி அவளைச் சுடவில்லை. ஒருவேளை நிசமாக இருக்குமோ என்ற நினைப்புதான் சுட்டது. அவன் ஏன் தனக்குச் சொல்லித் தந்தான்? அவனுக்கு என்ன லாபம்? அவன் கையைக் கட்டியவர்களில் ஒருவன் அவளுடைய புருசன் அல்லவா? சொட்டு எண்ணும்போது தனக்குள் இறங்கிய அமைதி தன்னுடையதா, இல்லை அவனிடமிருந்து வந்து குடியேறுகிற வேறு ஏதாவதா? அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் மூச்சை எண்ணப் பார்த்தாள். இரண்டாவது மூச்சிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே யாரோ சேர்ந்து எண்ணுவதுபோல இருந்தது.

பிச்சைமுத்து அவளை இரண்டு நாள் வேலைக்கு விடவில்லை. வீட்டில் மங்கும் இல்லை, சொட்டும் இல்லை. எண்ணவும் பயம், எண்ணாமலிருக்கவும் பயம். கதவு சாத்தினால் மூச்சு முட்டியது. திறந்தால் எதிர் லயத்துப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். புதன்கிழமை கங்காணி வந்து, நாளைக்கு டிரெசர் வரும்போது அவளைப் பால் நிறுக்கும் ஸ்டோருக்குக் கொண்டுவரச் சொன்னார். வாசலை விட்டு இறங்கும்போது முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"அருச்சுனன்தான் செஞ்சான்னு சொல்லிரு புள்ள. அவனை மறுபடி ஏத்திவிட்டுருவோம். உன்னை விட்டுருவாங்க."

பிச்சைமுத்து அன்று சாப்பிடவில்லை. அவனுக்கும் அவள் சொல்லிவிடவேண்டும் என்றுதான் இருந்தது. மடியில் கிடந்த பிள்ளையைக் காட்டி, இதைப் பாரு என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை காலையில் அவளை வேலைக்கு அனுப்பினான். நல்லபடியாக வேலை செய்கிற பெண்ணாகப் போய் டிரெசர் முன் நிற்கட்டும் என்று அவன் கணக்கு. அவள் சீவினாள். அடுத்த நெரையில் அருச்சுனன் சீவினான். அவனுக்கும் செய்தி போயிருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மங்குகளில் பால் பாதி ஏறியபோது மலைப்பக்கம் இருட்டியது.

மரத்துச்சியில் சத்தம் வந்தது.

இதுவரை வந்ததிலேயே பெரியது அதுதான். கண் இருட்டியது. அவள் மரத்தில் சாய்ந்து அவனைத் தேடினாள். பதினைந்தடி தூரத்தில் அவன் வாளியோடு நின்றிருந்தான். வாயைத் திறந்தான். மேட்டில் மங்களமும் இரண்டு பெண்களும் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு பேருக்கும் வண்டி வந்துவிடும். அவன் வாயை மூடிக்கொண்டான். திரும்பி, மலையைப் பார்த்து நின்றான்.

சொல்லித் தர ஆள் இல்லை. அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. வந்தால் அது தன்னிடமிருந்துதான் வரவேண்டும்.

நாக்கு நுனியில் பால் திரண்டது. சொட்டு. மூச்சை விட்டாள். காத்திருந்தாள். அடுத்தது விழுமுன் மழைத்துளி விழுந்தது. அது பாலில் ஒரு குழி போட்டு மறைந்தது. அவள் பாலை மட்டும் எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறாவதில் மங்கை எடுத்து வாளியில் கவிழ்த்தாள். அடுத்த மரத்துக்கு நடந்தாள். ஓட முடியவில்லை, நடந்தாள். மரத்துக்கு ஒரு மூச்சு, கவிழ்க்க ஒரு மூச்சு. மழை பிடித்துக்கொண்டபோது நெரையில் பாதியை எடுத்திருந்தாள். மீதி மண்ணோடு போயிற்று. பல் கிட்டித்து, உடம்பெல்லாம் உதறி, கடைசி ஆளாக ஸ்டோருக்கு வந்தாள்.

டிரெசர் ஜெயபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். வியாழக்கிழமைதோறும் செமோரிலிருந்து சைக்கிளில் வருவார். ஸ்டோர்த் தாழ்வாரத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கங்காணி, பிச்சைமுத்து, மழைக்கு ஒதுங்கிய பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். தகரக் கூரைமேல் மழை இடித்தது. கருப்பம்மாளுக்கு அது எந்தக் கூரை என்று ஒரு கணம் தெரியவில்லை.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, சங்கிலியில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். நாடி நூற்றுமுப்பத்தாறு என்றார். கங்காணி, பாத்தீங்களாய்யா என்றார்.

பத்தடி தூரத்தில் ஒதுங்கி அருச்சுனன் நின்றிருந்தான். கங்காணியின் கண் அவன்மேல் போய், அவளிடம் வந்தது. சொல்லிவிடு என்றது. பிச்சைமுத்துவின் கண்ணும் அதையே சொன்னது. சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

டிரெசர் கேட்டார். "நெரையில நிண்டு என்னத்தை முணுமுணுக்கிறாய்?"

"எண்ணுறேங்கய்யா. பால் சொட்டுறத எண்ணி மூச்சு விடுறேன்."

"ஆர் சொல்லித் தந்தது?"

அவள் பிள்ளையை நினைத்தாள். விரிந்து கிடந்த தன் கையையும் நினைத்தாள்.

"அருச்சுனண்ணன். என் மேல எதையும் இறக்கல. மூச்சு நின்னுபோனப்ப திரும்பி வரச் சொல்லிக் குடுத்துச்சு. ஐயா, கையை விடாம கொஞ்ச நேரம் பிடிச்சபடியே இருங்க."

டிரெசர் விடவில்லை. தாழ்வாரத்து விளிம்பில் தகரத்தின் ஒரு மடிப்பிலிருந்து தண்ணீர் தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் உதடு அசைந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கூரை இடித்தது. எட்டில் தவறி ஒன்றுக்கு வந்தாள். மறுபடி தவறினாள். மழை ஒரு பாட்டம் ஓய்ந்தபோது டிரெசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொண்ணூற்றெட்டு." அவர் கையை விட்டார். "கங்காணி, இதில எழுத ஒண்டுமில்லை. பயந்த பெண். பயத்துக்கு ஒரு பழக்கம் பிடிச்சிருக்கிறாள். அதுவும் நல்ல பழக்கம்."

கங்காணி விடவில்லை. அவன் தன்னுடையதை இறக்கி வைக்கிறான் என்று சனங்கள் சொல்வதைச் சொன்னார். டிரெசர் எழுந்து குடையை விரித்தார்.

"அப்பிடியெண்டால் உம்முடைய வாயையும் அவனைக்கொண்டு ஆர் மேலயாவது இறக்கி வையும். பெரட்டு அமைதியாய் நடக்கும்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். பிச்சைமுத்து சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து அருச்சுனனிடம் போனான். என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு சுருட்டை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

ஆனால் கடுதாசி நின்றதே தவிர பேச்சு நிற்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நெரையில் வைக்கமுடியாது என்று கங்காணி அருச்சுனனைப் புகைக்கொட்டகைக்கு மாற்றினார். பள்ளத்து நெரைக்கு யாரும் போகமாட்டேன் என்றார்கள். நீதான ரொம்பப் பேசுன, நீயே போய்ப் பாத்துக்க என்று மங்களத்துக்கு அதைக் கொடுத்தார். பெரட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மங்களம் சிரிக்கவில்லை. பூசாரியிடம் வேப்பிலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மரம் சீவும்போது ஒரு கண் பட்டையில், ஒரு கண் கருப்பம்மாள்மேல். உளியைக் கீழே வைக்கவேயில்லை.

ஐப்பசி முதல் வாரம் காற்று வந்தது. மங்களம் வழக்கம்போல உரக்கச் சிரித்தாள். பள்ளத்தில் அதற்குப் பதில் சிரிக்க ஆள் இல்லை. சிரிப்பு மரங்களுக்குள் போய் நின்றது. மறுபடி சிரித்தாள், இன்னும் உரக்க. பாதியில் அது வேறு சத்தமாயிற்று. வாளி உருளும் ஓசை கேட்டது.

கருப்பம்மாள் திரும்பினாள். மங்களம் மரத்தடியில் குந்தியிருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மேலே கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அன்று கூரைமேல் இருந்தவள்தானே. அது இப்போதுதான் கருப்பம்மாளுக்குத் தைத்தது.

அவளுக்கே நெஞ்சு உடைந்துவிடும்போல அடித்தது. இன்னும் அறுபது மரத்துப் பால் எடுக்க வேண்டும். நின்றால் போகும். வாயைத் திறந்தால், நாளைக்குக் குழாயடியில் இவளே சொல்வாள்: கோழி என் மேல இறக்கப் பார்த்தது. அடுத்த வியாழக்கிழமை வேறு டிரெசர் வந்தால்?

அந்தச் செவ்வாய்க்கிழமை மரத்துக்குப் பின்னால் நின்ற அருச்சுனனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. திரும்பி வந்து இரண்டு மாசம்கூட ஆகாதவன். அவன் ஏன் முகத்தைக் காட்டாமல் மலையைப் பார்த்து நின்றான் என்று இப்போது தெரிந்தது. காட்டியிருந்தால் பயத்தில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தே அவள் செத்திருப்பாள்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஒரு மரத்துக்குப் பின்னால் போய், மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"மங்களம், என்னைப் பாக்காத. மங்கைப் பாரு."

மேலே சேலை கிழிந்துகொண்டே இருந்தது. முதல் துளி அவள் பிடரியில் விழுந்தது.

"என் மேல எதையும் இறக்கிறாதடி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிள்ளையின் குரல்போல இருந்தது.

"இறக்க மாட்டேன். எங்கிட்ட இருக்கிறதே எனக்குப் பத்தல. பால் சொட்டுதா, அதை மட்டும் சொல்லு."

கருப்பம்மாள் காத்திருந்தாள். தன் மூச்சை வெளியே விட்டாள். உள்ளே இழுக்காமல் காத்திருந்தாள்.

"சொட்டு," என்றாள் மங்களம்.